இல்லாத நாவலுக்கு ஒரு மதிப்புரை

திண்டுக்கல்,
17.6.2007

அன்புத் தங்கை ஜெசிந்தாவுக்கு அண்ணன் பாஸ்கல் எழுதுவது.

நான் நலம். அம்மாவும் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் நலமில்லை என்கிறது. ஏற்காட்டுக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? ஸ்வெட்டரைப் போடுகிறாயா, இல்லை மடித்துப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

மடத்தில் நவதுறவுப் பயிற்சி வருஷம் முடிகிறவரை வீட்டுக்கு வரக் கூடாது, போன் கூடாது, கம்ப்யூட்டர் கூடாது, மாதம் ஒரு கடிதம்தான், வருகிற கடிதத்தையும் மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று பஸ் ஏறும்போது சொன்னாய். அதனால் முதலில் மதருக்கு என் வணக்கம். கோழி கிண்டின மாதிரி இருக்கும் இந்தக் கையெழுத்தை மன்னியுங்கள், மதர்.

பிரவுசிங் சென்டர் ஓடுகிறது. ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், மீதி நேரமெல்லாம் கார் ரேஸ். 'அடிக்கோடு' வலைப்பூவையும் விடவில்லை. ஞாயிறு தவறாமல் ஒரு மதிப்புரை, கூடவே நண்பர்கள் எழுதியதில் 'இந்த வாரம் பிடித்தவை'. என்ன ஒன்று, போடுவதற்கு முன்னால் படித்துப் பார்த்துத் திட்டுவதற்கு ஆள் இல்லை. போன வாரம் கதாநாயகி பெயரையே மாற்றி எழுதிவிட்டேன். நெய்க்காரப்பட்டி நல்லுசாமி வந்து பின்னூட்டம் போட்டார்: "ஏனுங்க பாஸ்கல், தங்கச்சி ஊருல இல்லீங்களா?" மானம் போனது.

எனக்கு ஒரு யோசனை. கம்ப்யூட்டர்தானே கூடாது, காகிதம் கூடுமே? எனக்குப் பிடித்த பதிவுகளை இனி அச்சடித்து உனக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை மூன்று. எண்ணூறு பக்க நாவலை மோட்டார் ரூமில் உட்கார்ந்து கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே படித்ததை நல்லுசாமி எழுதியிருக்கிறார். பேகம்பூர் மெஹராஜ் வழக்கம்போல ஐந்து வரி. கனடாவில் இருக்கும் தமிழ்நிலா அந்த ஊர் நூலகத்தில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கண்டுபிடித்த கதை. சில இடங்களில் எழுத்துரு சரியில்லாமல் கட்டம் கட்டமாக விழுந்துவிட்டது. கட்டங்களைப் பேனாவால் நானே நிரப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அண்ணன்,
பாஸ்கல்

&nbsp;

ஏற்காடு,
22.7.2007

அன்பு அண்ணனுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். அம்மாவை மாடி ஏற விடாதே. துணி காயப்போடுவது உனக்கு ஒன்றும் ஆகாத வேலை இல்லை.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பாய். மதர் ரெஜினா பதிவுகளை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கொடுக்கும்போது, "நல்லுசாமி எழுதினதுல ரெண்டாம் பக்கத்தைக் காணோமே, உங்க அண்ணனை அனுப்பச் சொல்லு" என்றார். மறக்காமல் அனுப்பு. இப்போது மாலை ஓய்வு வேளையில் நவதுறவியர் எல்லாரும் உட்கார, நான் சத்தமாகப் படிக்கிறேன். பாலசமுத்திரத்துப் பெண் பிரிஸ்கா, "அந்த மோட்டார் ரூம் எங்க தோட்டத்துக்கு மேக்கால இருக்குதுங்க" என்று சத்தியம் செய்கிறாள். நல்லுசாமியின் கரும்பு உயரத்தைப் பற்றி அவளுக்கு வேறு கருத்து இருக்கிறது.

மெஹராஜிடம் கற்றுக்கொள் அண்ணே. அவர் ஐந்து வரியில் சொல்வதை நீ ஐம்பது வரியில் சொல்வாய், அதில் பத்து வரி 'சொல்லப்போனால்' என்றே போய்விடும்.

எனக்குத் தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். முட்டைக்கோஸ், பீன்ஸ். மண் கையில் ஒட்டுவது பிடித்திருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மட்டும், இந்நேரம் நீ பதிவு போட உட்கார்ந்திருப்பாய் என்று நினைப்பு வந்துவிடுகிறது. அன்றைக்குக் கொஞ்ச நேரம் எதிலும் மனசு நிற்பதில்லை. பிறகு சரியாகிவிடும்.

ஜெபத்தில் உங்கள் இருவரையும் வைத்திருக்கும்,
ஜெசிந்தா

&nbsp;

திண்டுக்கல்,
16.9.2007

அன்புள்ள ஜெசி,

நலம். அம்மா உனக்குச் சிறுமலைப் பழம் அனுப்பச் சொன்னார். தபாலில் போனால் பழம் வராது, அல்வாதான் வரும் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். நீ நலமாக இருப்பாய். இளைத்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

மதர் கேட்ட இரண்டாம் பக்கத்தை முதலில் வைத்திருக்கிறேன். ஓய்வு வேளை விஷயத்தை நல்லுசாமியிடம் சொன்னேன். மனுஷன் அதற்குப் பிறகு எழுத்தில் கெட்ட வார்த்தையே போடுவதில்லை. "சிஸ்டருங்க படிக்கறாங்கன்னா நாம பாத்துதானுங்க எழுதோணும்" என்கிறார்.

வாரம் நாற்பது ஐம்பது பதிவாவது படிக்கிறேன். யார் புதிதாக எழுத வந்திருக்கிறார்கள், யார் யாரோடு சண்டை, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறேன். படிக்கும்போதே இது ஜெசிக்குப் பிடிக்கும், இது பிடிக்காது என்று மனசு பிரித்துப் போட்டுவிடுகிறது. இந்தத் தடவை ஆறு வைத்திருக்கிறேன். வெளிநாடு போனவன் கிழவனாகித் துறைமுகத்தில் வந்து இறங்கும் நாவலைப் பற்றித் தமிழ்நிலா எழுதியது அதில் உண்டு. படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் படிக்கவில்லை. உனக்கு எப்படி இருந்தது என்று எழுது.

சென்டரில் எந்நேரமும் கூட்டம்தான், ஆனால் பேச ஆள் இல்லை.

அண்ணன்,
பாஸ்கல்

&nbsp;

ஏற்காடு,
28.10.2007

அண்ணே,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. மழை விடாமல் பெய்கிறது, ஆனாலும் சுகமாக இருக்கிறேன். இளைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல். இங்கே கஞ்சிக்குக்கூட இரண்டு வெஞ்சனம் உண்டு.

இதுவரை ஒன்பது பதிவு அனுப்பியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். ஏழில் யாராவது வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். துறைமுகத்தில் ஒருவர், ரயிலில் ஒருவர், பட்டாளத்திலிருந்து ஒருவர். மெஹராஜின் ஐந்து வரியில்கூட இரவல் போன புத்தகம் திரும்பி வருகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் படிக்கிறார்களா, இல்லை உனக்கு இதுதான் பிடித்திருக்கிறதா?

நான் மட்டும் கேட்கவில்லை. மதரும், "உங்க அண்ணனுக்கு வேற புத்தகமே கிடைக்கலையா?" என்றார். அடுத்த தடவை யாருமே எங்கும் திரும்பி வராத பதிவாகப் பார்த்து அனுப்பு. சமையல் புத்தக மதிப்புரை இருந்தாலும் சரி.

அந்தத் துறைமுக நாவல் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு மீதியைப் பிரிஸ்காவைப் படிக்கச் சொல்லிவிட்டேன்.

தங்கை,
ஜெசிந்தா

&nbsp;

திண்டுக்கல்,
9.12.2007

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். மதருக்கும் எல்லாருக்கும் சொல். அம்மா குடில் வைக்க ஆரம்பித்துவிட்டார். ஒட்டகத்துக்குப் போன வருஷம் உடைந்த காலை நான்தான் ஒட்டினேன், இப்போது அது உட்கார்ந்தபடிதான் நிற்கும்.

இந்தத் தடவை ஒரே பதிவுதான். 'ஊர்க்குருவி' என்று யாரோ புதிதாக எழுத வந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்துப் போய், 'அடிக்கோடு' நண்பர்களுக்கும் சொன்னேன். கீழே அப்படியே எழுதியிருக்கிறேன். அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துவிட்டது.

"நாவலின் பெயர் 'சைக்கிளுக்குக் காற்று அடித்தவன்'. ஒரு சின்ன டவுனில் ஒரு அண்ணனும் தங்கையும். ஒரே சைக்கிளில் நூலகத்துக்குப் போய், ஒரே புத்தகத்தை எடுத்து, யார் முதலில் படிப்பது என்று வழியெல்லாம் சண்டை போட்டவர்கள். சொல்லப்போனால் நாவலின் முதல் பாதி முழுக்க இந்தச் சண்டைதான். பிறகு தங்கை துறவுக்குப் போகிறாள். அண்ணன் தடுக்கவில்லை. சொல்லப்போனால் வாயைத் திறக்கவே இல்லை. அவளுடைய சைக்கிளைத் துடைத்து, சனிக்கிழமைதோறும் காற்று அடித்து வைக்கிறான். யாரும் ஓட்டாத சைக்கிளுக்கு எதற்குக் காற்று என்று ஊரே சிரிக்கிறது. அவனைக் கேட்டால் சொல்ல அவனுக்கே ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் அவளை 'வா' என்று கூப்பிட அவனுக்கு உரிமை இருக்கிறதா என்பதே நாவலின் கேள்வி. கடைசி அத்தியாயத்தில் பஸ் நிலையத்தில் அவள் வந்து இறங்குகிறாள். டயரை அமுக்கிப் பார்க்கிறாள். கதை முடிகிறது. படித்துவிட்டு நான் செத்த நேரம் எழுந்திருக்கவில்லை."

எந்தப் பதிப்பகம் என்று ஊர்க்குருவி எழுதவில்லை. எப்படி இருக்கிறது என்று சொல்.

அண்ணன்,
பாஸ்கல்

&nbsp;

ஏற்காடு,
6.1.2008

அன்புள்ள பாஸ்கல் அவர்களுக்கு,

புத்தாண்டில் இறைவன் உங்களையும் தாயாரையும் ஆசீர்வதிப்பாராக. நான் ரெஜினா. உங்கள் கடிதங்களை உங்கள் தங்கைக்கு முன்னால் படித்து வருபவள் என்பதால் அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய மதிப்புரை எங்கள் எல்லாருக்கும் மிகவும் பிடித்திருந்தது. அந்த நாவலை எங்கள் நூலகத்துக்கு வாங்க விரும்பிச் சேலத்தில் இரண்டு கடைகளில் கேட்டோம். கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். பதிப்பக முகவரி கிடைத்தால் தெரிவியுங்கள்.

ஜெசிந்தா சுகமாக இருக்கிறாள். அந்த மதிப்புரையை மற்றவர்களுக்கு அவள் படிக்கவில்லை. பிரிஸ்காவிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு எழுதச் சொன்னேன். பிறகு எழுதுகிறேன் என்றாள். பிப்ரவரியில் தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறு வரை இங்கே கடிதம் எழுதுவதும் இல்லை, பெறுவதும் இல்லை. அவளிடமிருந்து பதில் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

இறைவனில்,
சகோ. ரெஜினா

&nbsp;

திண்டுக்கல்,
27.1.2008

ஜெசி,

இங்கே எல்லாரும் நலம். நீ?

அந்த நாவல் இப்போது கடையில் கிடைக்காது என்று மதரிடம் சொல்லிவிடு. பழைய புத்தகம் போலிருக்கிறது. இங்கேயும் ஒரே தொல்லை. ஊர்க்குருவி யார், புத்தகம் எங்கே என்று வலைப்பதிவர்கள் எல்லாரும் என்னைத்தான் பிடுங்குகிறார்கள். நல்லுசாமி கோயமுத்தூர் வரை போய்த் தேடியிருக்கிறார். தமிழ்நிலா தன் ஊருக்கு வருகிறவர்கள் பையில் கொடுத்துவிடச் சொல்கிறார். மெஹராஜ் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நாவல் நல்லா இருக்கு பாஸ்கல் பாய். அண்ணன் பாவம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீ ஒன்றுமே சொல்லவில்லையே. பிடிக்கவில்லை என்றாவது எழுது. தவக்காலம் வந்துவிட்டால் உன் கையில் கொடுக்கவும் மாட்டார்களாம்.

பாஸ்கல்

&nbsp;

ஏற்காடு,
25.3.2008

அன்பு அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கும் அம்மாவுக்கும் மகிழ்ச்சி தரட்டும். நான் சுகம். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் தவக்காலம் பாதிதான் காரணம்.

மதர் இதையும் படிப்பார். படிக்கட்டும்.

நாலு வருஷம் உன் பதிவுகளிலிருந்து 'சொல்லப்போனால்' என்ற சொல்லை உட்கார்ந்து வெட்டியவள் நான். என்னிடமே ஊர்க்குருவியை அனுப்பினாயே அண்ணே! முதல் நாலு வரியிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை. தோட்டத்தில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நிஜமாகவே சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறாயா?

மதர் அந்த நாவலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் சொல்லிவிட்டேன். "அப்படி நாவலே இல்ல மதர். அது எங்கண்ணன்." அவர் அந்தத் தாளை எடுத்து மறுபடியும் படித்தார். பிறகு, "அம்புட்டு நல்லா எழுதியிருந்தாரே" என்றார். அப்புறம் சொன்னார்: "போகணும்னு தோணுச்சுன்னா சொல்லும்மா. வாசல் கேட்டு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கு. கன்னியா இருப்பேன்னு அரை மனசோட வார்த்தைப்பாடு கொடுக்கக் கூடாது."

அன்றைக்கு அனுமதி கேட்டு கேட் வரைக்கும் போனேன். சேலம் பஸ் ஒன்று இறங்கிப் போனது. ஏறியிருந்தால் சாயங்காலம் உன் சென்டரில் இருந்திருப்பேன். அம்மா கையால் சாப்பிட்டிருப்பேன். ஆசையாகத்தான் இருந்தது அண்ணே. அப்படி ஒரு ஆசை எனக்கு இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த பஸ்ஸும் போன பிறகு திரும்பி உள்ளே வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்.

எனக்கு இந்த வாழ்க்கை வேணும். உன்னைவிட வேணுமா என்று கேட்காதே. அப்படித் தராசில் வைத்தால் நான் ஒருநாளும் இங்கே நிற்க மாட்டேன். ஜெபத்தில் உட்காரும்போது எதையும் கேட்கத் தோன்றாமல் சும்மா உட்கார முடிகிறது. அங்கே இருந்தவரை அது எனக்கு வாய்த்ததில்லை. இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மே 24, சனிக்கிழமை என் முதல் வார்த்தைப்பாடு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வார்த்தைப்பாடு கொடுக்கிறவளை அவள் வீட்டு ஆள் கோவில் வாசலிலிருந்து கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிக்கொண்டு வரவேண்டும். அங்கே கையை விட வேண்டும். விட்ட பிறகுதான் அவள் முட்டி போட்டு வார்த்தைப்பாட்டைச் சொல்வாள். அப்பா இருந்தால் அப்பா. அப்பா இல்லாத எனக்கு நீதான். யாரும் வராதவளுக்கு மதர் கை பிடிப்பார். எனக்கு மதர் வேண்டாம், நீ வா.

உன் தங்கை,
ஜெசிந்தா

&nbsp;

ஏற்காடு,
27.4.2008

அண்ணே,

நலமா? அம்மா நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. உன் பதிவுகளும் வரவில்லை. ஓய்வு வேளையில் என்ன செய்வது என்று தெரியாமல் பிரிஸ்கா நல்லுசாமியின் பழைய பதிவையே இரண்டாம் தடவை படித்தாள்.

கோபமாக இருந்தால் கோபத்தை எழுது. உன் கையெழுத்து வந்தால் போதும்.

ஜெசி

&nbsp;

திண்டுக்கல்,
11.5.2008

அன்பு ஜெசி,

அம்மா நலம். நான் நலமாக இல்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயப்படாதே.

உனக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் 'வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது, வருகிறேன் என்று எப்படிச் சொல்வது' என்றே நின்றுபோனது. கோபம் இருந்தது. சாமிமேல் இருந்தது, மதர்மேல் இருந்தது, உன்மேல் நிறைய இருந்தது. ஒரு வீட்டில் புத்தகம் பேச ஒரே ஒரு ஆளைக் கொடுத்துவிட்டு அதையும் எடுத்துக்கொண்டால் மனுஷன் என்ன செய்வான்? உன்னிடம் நேராக 'வந்துவிடு' என்று கேட்கப் பயந்துதான் இல்லாத நாவலை எழுதினேன். நீ இல்லை என்று சொன்னால் அது நாவலுக்குச் சொன்னதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவ கேட்டா போகணும்லே. போயி நின்னுட்டு வா. அழுதா அழு, அதுக்கென்ன" என்றார். அவரும் வருகிறார். மலை ஏறும் பஸ்ஸில் முன் ஸீட் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு 'இந்த வாரம் பிடித்தவை'யில் உண்மையை எழுதிவிட்டேன். அப்படி நாவல் இல்லை, ஊர்க்குருவி நான்தான், என் தங்கை கன்னியர் மடத்தில் சேர்ந்திருக்கிறாள், அவள் வருவாள் என்று எழுதிப் பார்த்தேன், அவள் வரமாட்டாள். இவ்வளவுதான் எழுதினேன். மெஹராஜுக்கு அப்போதே தெரியுமாம். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். நல்லுசாமி முதலில் வந்தார். "இல்லாத புஸ்தகத்துக்கு நான் கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க. பரவால்லீங்க. தங்கச்சிய நல்லபடியா அனுப்பி வைங்க" என்று போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சென்டரிலேயே அழுதுவிட்டேன். கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன்னை முழு மனசோடு வாழ்த்துகிறேன் என்று எழுதினால் அது பொய். பாதி மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாதியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன், வேறு வழி இல்லை.

23ஆம் தேதி சாயங்காலமே வந்துவிடுவோம். காலையில் கோவில் வாசலில் நிற்பேன். உன் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே கையை விடச் சொல்வாங்களே, அப்ப மட்டும் செத்த நேரம் பொறுத்துக்கோ.

உன் அண்ணன்,
பாஸ்கல்